தொண்ணூற்றொன்றுக்கு நான் சொன்ன பதில்

மதுக்கரையில் ஒரு சிமெண்ட் குடோனில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு மட்டும் கொஞ்சம் சிரமம். பஸ் போன பிறகுதான் அது எந்த ஊர் பஸ் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் செட்டில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று மூட்டை தூக்குவது, இன்னொன்று சிரிக்க வைப்பது. இரண்டாவதைத்தான் நான் ஒழுங்காகச் செய்வேன் என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். எங்கள் மாதா கோயிலில் டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எனக்குத்தான். வயிற்றுக்குத் தலையணை வைத்துக் கட்டுகிற செலவு இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தொப்பை எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதுவும் தூக்குகிற மூட்டைதான், இறக்கத்தான் தெரியவில்லை என்பேன்.

என் மனைவி பத்தாவது பாஸ். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, அட்டைக்கடிக்கு நடுவில் நடந்து போய்ப் படித்தவள். இப்போது தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறாள். முப்பத்தாறு வயதில் திடீரென்று ஒருநாள், அரசாங்க கிளார்க் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு இந்த ஒரு தடவைதான் எழுத முடியும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது வயது தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் இலவச வகுப்பு நடந்தது. பேங்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா வந்து சொல்லிக் கொடுத்தார். முப்பது பேர். என் மனைவியைத் தவிர எல்லோரும் காலேஜ் முடித்த பிள்ளைகள்.

காலையில் சோறு வேகிற நேரத்தில் அவள் கணக்குப் போடுவாள். ஒருநாள் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். a ஸ்டார் b என்பது, a-வின் மிகப்பெரிய பகாக் காரணியையும் b-யின் மிகப்பெரிய பகாக் காரணியையும் கூட்டினால் கிடைப்பது. அப்படியானால் 12 ஸ்டார் 35 எவ்வளவு.

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "ஸ்டாருன்னா நாம டிசம்பர்ல வாசல்ல தொங்க உடுவமே, அதா அம்மணி?"

"இல்லீங்க. இது சும்மா ஒரு குறி. கணக்குப் போட்டவங்களா ஒரு அர்த்தம் வெச்சிருக்காங்க. இந்தக் கணக்குக்கு இந்த அர்த்தம். அடுத்த கணக்குல இதே ஸ்டாருக்கு வேற சொல்லுவாங்க."

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். எங்கள் குடோனில் மேஸ்திரி இரண்டு விசில் அடித்தால் லாரி பின்னால் வரலாம் என்று அர்த்தம். அடுத்த குடோனில் இரண்டு விசில் என்றால் நில் என்று அர்த்தம். அது தெரியாமல் ஒரு டிரைவர் அவர்களுடைய சுவரைத் தட்டிப்போட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளையோடு நேரடியாகப் பேசும்படி ஆகிவிட்டது. இதைச் சொன்னதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துச் சிரித்தாள்.

"அதேதானுங்க. எந்தக் குடோனுன்னு மொதல்ல பாத்துக்கோணும். பொறவுதான் விசிலு."

"செரி, பகாக் காரணின்னா?"

"வகுத்துட்டே போனா, அதுக்கு மேல உடைக்க முடியாத நம்பரு வருமுங்க. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுந்தான் வகுபடும். அது."

அதுவும் எனக்குத் தெரிந்த சமாசாரமாகவே இருந்தது. குடோனில் மூட்டையை இஷ்டத்துக்குக் குவிக்க முடியாது. அட்டி போட வேண்டும். கீழே ஏழு பரப்பினால் மேலே ஒவ்வொரு அடுக்கிலும் ஏழு. உச்சி அடுக்கில் ஒன்று குறைந்தாலும் மேஸ்திரிக்கு எண்ணிக்கை தடுமாறும், பிறகு நமக்கு நாள் தடுமாறும். முப்பத்தைந்து மூட்டை என்றால் ஏழு பரப்பி ஐந்து உயரம். ஐம்பத்தேழு என்றால் மூன்று பரப்பி பத்தொன்பது, ஆனால் அப்படி அடுக்கினால் யார் தலையிலாவது விழும். இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்தேழு எல்லாம் எப்படிப் பரப்பினாலும் உச்சியில் நொண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கணக்கு என் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பகா எண் என்று ஒரு பெயர் இருப்பதுதான் எனக்குத் தெரியாது. நானாக ஒரு பெயர் வைத்திருந்தேன். கட்டைப் பிரம்மச்சாரி. எந்த வரிசையிலும் சேராமல் தனியாக நிற்கிறவன்.

அன்றிலிருந்து அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள், நான் வாசலிலிருந்து சொல்வேன்.

"ஏனுங்க, அம்பத்தொண்ணு?"

"மூணு பரப்பி பதினேழு."

"எம்பத்தேழு?"

"மூணு, இருபத்தொம்பது."

"எழுபத்தொண்ணு?"

"கட்டைப் பிரம்மச்சாரி."

முதல் வாரம் நான் சொல்லச் சொல்ல அவள் தாளில் வகுத்துச் சரிபார்த்தாள். இரண்டாவது வாரம் பாதிதான் பார்த்தாள். மூன்றாவது வாரம் வகுப்பதையே விட்டுவிட்டாள். நான் சொன்னால் எழுதிக்கொண்டாள். நேரம் மிச்சமாகுது என்றாள். அந்த மூன்றாவது வாரம் முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வயிறு முந்திக்கொண்டதால் வெளியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குத் தண்ணி டேங்க் ஏற்ற வேண்டியிருந்தது. செட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், நாற்பத்துமூன்று வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை என்று எல்லாப் பக்கமும் பெண் பார்த்து, இப்போது பார்ப்பதற்கு ஊர் தீர்ந்துபோயிருந்தது. டேங்க் ஏற்றி முடித்து வாசலில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தோம். மறுநாள் வகுப்பில் கணக்குக்கு டெஸ்ட். என் மனைவி நோட்டோடு வந்து கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க, அறுவது ஸ்டார் தொண்ணூத்தொண்ணு. அறுவதுல பெருசு அஞ்சு, அது வந்துருச்சு. தொண்ணூத்தொண்ணு வகுபடுமுங்களா?"

எனக்குத் தெரியும். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், எனக்குத் தெரியும். போன மழைக்கு எங்கள் குடோனில் தார்ப்பாய் கிழிந்து ஒழுகியபோது நனையாமல் மிச்சமிருந்தது தொண்ணூற்றொரு மூட்டை. உள் அறைக்கு மாற்றி அட்டி போட்டது நான்தான். ஏழு பரப்பி பதின்மூன்று உயரம். உச்சி தட்டையாக வந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு ஒன்றும் திட்டாமல் போனார், அதனால் அந்த நாளே எனக்கு மறக்கவில்லை.

ஆனால் கல்யாணம் ஆகாத அந்த அண்ணன் அந்த நேரம் பார்த்துப் போண்டாவைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். அவரைப் பார்த்ததும் ஜோக் வந்துவிட்டது. என் பொழைப்பில் நான் ஒரு ஜோக்கையும் வாசலோடு திருப்பி அனுப்பியது கிடையாது.

"அது யாரோடயும் சேராது அம்மணி," என்றேன். "நம்ம அண்ணனாட்டம். கட்டைப் பிரம்மச்சாரி. எழுதிக்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அண்ணனே போண்டாவை விழுங்கிவிட்டு, "ஊர்ல ஒரு பொண்ணு என்னையச் சேத்துக்கல, உன்ற ஊட்டுக் கணக்குலயாவது சேத்தியே" என்றார். மறுபடியும் சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். போன பிறகு டேங்க் குழாய் ஒழுகியது. அதைச் சரிசெய்தேன். சாப்பிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் மறக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோதுகூட அந்த நம்பர் என் வாயில்தான் இருந்தது. இப்போது சொன்னால் நேற்று அடித்த ஜோக் பொய்யாகிவிடும். பொய் என்றால் ஏன் சொன்னாய் என்று கேட்பாள். எப்படியும் வகுத்துப் பார்ப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பதை விட்டு ஒரு வாரம் ஆனது எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

அன்று வகுப்பு முடிந்து வந்தவள் புத்தகத்தையும் நோட்டையும் பீரோவுக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இனி போகலீங்க."

"ஏன்?"

"தலை வலிக்குது."

ஒரு தலைவலிக்கு யாராவது பரீட்சையை விடுவார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

என்ன நடந்தது என்று திங்கட்கிழமை டீக்கடையில் தெரிந்தது. அந்தக் கல்யாணம் ஆகாத அண்ணனுடைய அக்கா மகளும் அதே வகுப்புக்குப் போகிறவள். அவள் சொன்னதை அவர் சொன்னார். டெஸ்ட் முடிந்ததும் பேங்க் அம்மா ஒவ்வொருவரையும் போர்டுக்குக் கூப்பிட்டு ஒரு கணக்கு போடச் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்கு அந்த ஸ்டார் கணக்கே வந்தது. அவள் ஐந்தையும் தொண்ணூற்றொன்றையும் கூட்டி, தொண்ணூற்றாறு என்று எழுதியிருக்கிறாள். தொண்ணூற்றொன்று பகா எண் என்று எப்படிச் சொல்றீங்க, வகுத்துப் பார்த்தீங்களா என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. அவள், "எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க" என்றிருக்கிறாள்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறமென்ன. ஹாலே சிரிச்சிருக்குது. பொறகால இருந்து ஒரு பையன், உங்கூட்டுக்காரரு எந்த காலேஜுங்கன்னு கேட்டானாம். உன்ற ஊட்டுக்காரி சாக்பீஸ வெச்சுப்போட்டு வந்து உக்காந்துட்டாளாம்."

டீக்கடையில் எட்டு பேர் இருந்தார்கள். எட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடமிருந்து ஒன்று வரும் என்று காத்திருக்கிற பார்வை அது. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அந்தப் பார்வை பழக்கம். அது வந்தால் என் உடம்பு தானாக எழுந்துவிடும். எழுந்தேன். டீ கிளாசை சாக்பீஸ் மாதிரி பிடித்துக்கொண்டேன். முந்தானையை இழுத்துச் செருகுவது போலத் துண்டைச் செருகி, இல்லாத போர்டில் எழுதி, தலையைக் குனிந்து, அவள் குரலிலேயே, "எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க" என்றேன்.

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் பாலைக் கீழே ஊற்றிவிட்டார். இன்னொரு தடவை செய் என்றார்கள். இன்னொரு தடவை செய்தேன். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட நன்றாக வந்தது.

சிரிப்பு பாதியில் அறுந்தது. திரும்பினேன். என் மனைவி பக்கத்துக் கடைப் படியில் கையில் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதையும் ஒரு ஜோக்காக்கியிருப்பேன்.

"பால் வாங்கியாச்சுங்க," என்றாள். "வாரேன்."

போய்விட்டாள். நான் செருகிய துண்டை எடுக்கக்கூட மறந்து நின்றேன். அந்த அண்ணன் மெதுவாக, "துண்ட எடுப்பா" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் திரும்பாமலே. "தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

எனக்குப் படிப்பில்லை என்பது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படிக்காதவன் என்ன தப்பு செய்தாலும் தெரியாமல் செய்தான் என்று ஊர் விட்டுவிடும். அந்த வசதியைக் கையில் எடுத்தேன்.

"எனக்கென்ன தெரியும் அம்மணி. நான் மூணாங்கிளாசு."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்பத்தொண்ணு தெரிஞ்சுது. எம்பத்தேழு தெரிஞ்சுது. தொண்ணூத்தொண்ணு மட்டும் மூணாங்கிளாசாக்கும்."

அவள் பாலை ஆற்றி என் முன்னால் வைத்தாள். சூடு சரியாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் குடோனில் என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று மேஸ்திரி கேட்டார். பரீட்சைக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. புத்தகம் பீரோ மேலேயே கிடந்தது. தினமும் காலையில் சோறு வேகும் நேரத்தில் அவள் சும்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியில் போய்ப் பல் துலக்கினேன். ஒரே காலையில் இரண்டு தடவைகூடத் துலக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஹாலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். தப்பு என்னுடையது. தெரிந்தே தப்பாகச் சொன்னேன். அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இவ்வளவுதான்.

கதவில் தலையை நீட்டியதுமே பின்வரிசையில் ஒருவன், "தாத்தா டிசம்பருக்கு முன்னாலயே வந்துட்டாருடா" என்றான். எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

பேங்க் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா, என்ன வேணும்?" என்றார்.

"போன வாரம் என்ற சம்சாரம் போர்டுல போட்ட தப்பு அவ போட்டதில்லீங்க. நான் போட்டது. தொண்ணூத்தொண்ணு ஏழு பரப்பி பதிமூணு உசரம்னு எனக்கு நல்லாத் தெரியுமுங்க. தெரிஞ்சே வகுபடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னேன். "பக்கத்துல ஒரு கல்யாணம் ஆகாதவரு போண்டா தின்னுட்டிருந்தாருங்க."

ஹால் குலுங்கியது. ஒரு பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் நிஜமாத்தானுங்க என்றேன், அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்க வைக்க விருப்பமில்லாமல் ஒன்று பேசினேன். அதைவிட நன்றாக என் எந்தப் பேச்சும் எடுபட்டதில்லை. பேங்க் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து, "பாத்தீங்களா, மனைவி போட்ட தப்பத் தன் தலையில போட்டுக்கறாரு. இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கணும்" என்றார். கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் என் முதுகில் விழ விழ வெளியே வந்தேன். ஐம்பது கிலோ மூட்டை அதைவிட லேசு.

வீட்டில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன். எதையும் நடித்துக் காட்டவில்லை. கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"கை தட்டினாங்களா?"

"ம்."

"உங்களுக்கா?"

"ம்."

அவள் ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்தாள்.

"அப்ப நான் போட்ட தப்பு அங்கயேதான் கெடக்குது," என்றாள். "நீங்க போயி அதுக்கு மேல ஏறி நின்னு ஒரு கூத்துக் காட்டிப்போட்டு வந்திருக்கீங்க."

"இல்ல அம்மணி, நான் வந்து..."

"உங்க மேல தப்பில்லைன்னு சொல்லலீங்க. ஆனா வகுத்துப் பாக்காம எழுதுனது நானு. அத நாந்தான் போயி அழிக்கோணும். அடுத்த வாரம் போறேன். நீங்க வராதீங்க."

"வெளிய நிக்கட்டா?"

"வெளியவும் வேண்டாங்க. உங்களப் பாத்தாலே சிரிப்பாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். நான் வீட்டிலேயே இருந்தேன். போர்டில் அவள் என்ன எழுதினாள், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வந்ததும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நோட்டு மறுபடியும் பீரோ மேலே போகவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. காலையில் சோறு வேகிறது, அவள் கணக்குப் போடுகிறாள். நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து "ஏனுங்க" என்ற சத்தம் வருவதில்லை. இன்றைக்கு அவள் ஒரு கணக்கைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். புதுசாக ஏதோ ஒரு குறி, வட்டத்துக்குள் புள்ளி. அதில் நூற்றுப்பத்தொன்பது என்று ஒரு நம்பர் வந்ததும் நின்றுவிட்டாள்.

என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. "ஏழு பரப்பி பதினேழு," என்றேன். ஜோக் எதுவும் சேர்க்காமல், மேஸ்திரியிடம் எண்ணிக்கை சொல்கிற குரலில்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. பென்சிலைத் தாளில் வைத்தாள். மூன்றால் வகுத்தாள், போகவில்லை. ஐந்தால் போகாது என்று ஒரு கோடு போட்டாள். பிறகு ஏழால் வகுத்தாள். பதினொன்றில் ஏழு போக நாலு, பக்கத்தில் ஒன்பதை இறக்கி, நாற்பத்தொன்பதில் ஏழேழு. மீதி பூஜ்ஜியம். பதினேழு என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, அடுத்த கணக்குக்குப் போனாள்.